ஐஸ் பக்கெட்டில் மஞ்சள் தண்ணீர்

டப்ளின், கலிஃபோர்னியா
19 ஏப்ரல் 2025

அன்புள்ள வான்மதி,

பார்சலைப் பிரித்ததும் முதலில் கண்ணில் படட்டும் என்று இந்தக் கடிதத்தை மேலே வைத்திருக்கிறேன். அடியில் இருப்பது உன்னுடைய நீல நீச்சல் உடை. கிளம்பிய அவசரத்தில் என் பெட்டிக்குள் வந்துவிட்டது. எவ்வளவு அலசினாலும் தையலில் இருந்து மணல் வந்துகொண்டே இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் பருப்புப் பொடி நான் அரைத்தது. கோபத்தில் குப்பையில் கொட்டிவிடாதே. ஆபீஸ் முடிந்து வந்து அடுப்பைப் பார்க்கவே பிடிக்காத நாளில் உதவும்.

இதென்ன புதுசாகக் கடிதம் என்று நினைப்பாய். மெக்சிகோ பயணத்துக்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குரூப்பில் இருந்து நீ ஏர்போர்ட்டிலேயே வெளியேறிவிட்டாய். தனியாக அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. போன் மணி அடித்து ஓய்கிறது. தபாலை ப்ளாக் பண்ண முடியாது இல்லையா, அதனால் பேனாவைத் தேடி எடுத்தேன். என் பிள்ளை ஆர்யன் டெக்சாஸுக்குக் காலேஜ் போனதில் இருந்து இந்த வீட்டில் பேனா தேடுவதே ஒரு வேலை.

உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. வேலைக்காக நீ அங்கே நியூ ஜெர்சியில் தனியாகக் கிடக்கிறாய். அப்பாவும் பெண்ணுமாகத் தீபக்கும் மானஸாவும் இங்கே, என் வீட்டில் இருந்து இரண்டு வீடு தள்ளி. மூன்று பேரும் நாலு நாளாவது ஒன்றாக இருக்க வேண்டும் என்று நீ அலைந்து ஏற்பாடு செய்த கடற்கரை ரிசார்ட் அது. தீபக் ஒரு பேச்சுக்கு, "நீங்களும் வாங்கக்கா" என்றதும் நானும் என் வீட்டுக்காரர் சுவாமிநாதனும் ரைஸ் குக்கரோடு வந்து நின்றோம். நம் ஆட்கள் எங்கே தனியாக ஊர் சுற்றப் போயிருக்கிறார்கள்? ஆனாலும் நாங்கள் வராமல் இருந்திருக்கலாம்.

வந்த இடத்தில் மானஸா பெரியவளானாள். அதை உன்னிடம் ஒரு பகல் பூராவும் சொல்லாமல் வைத்திருந்தேன். தப்புதான். ஆனால் நீச்சல் குளத்துப் பக்கத்தில் அத்தனை பேர் நடுவில், "பெத்தவ நானா, நீங்களா?" என்று நீ கேட்டிருக்க வேண்டாம்.

மானஸா நன்றாக இருக்கிறாள். நேற்று ஸ்கூல் விட்டு வந்து இரண்டு தோசை சாப்பிட்டாள். ஒரு வரி எழுது. திட்டி எழுதினாலும் சரி.

அன்புடன்,
கலாவதி


பார்சிப்பனி, நியூ ஜெர்சி
27 ஏப்ரல் 2025

கலாவதி அக்காவுக்கு,

பார்சல் வந்தது. உடைக்கு நன்றி. பொடியைக் கொட்டவில்லை, சாப்பிடவும் இல்லை.

மருந்து கம்பெனியில் தரம் பார்க்கிறவள் நான். எங்கே தவறு நடந்தது என்று முடிவில் இருந்து ஆரம்பத்துக்கு எழுதிக்கொண்டு போவதுதான் என் பிழைப்பு. இதையும் அப்படியே எழுதுகிறேன். கடிதத்தில் குறுக்கே பேச யாரும் இல்லை.

அன்று சாயங்காலம் சீப்பு கேட்டு உங்கள் அறைக்கு வந்தேன். குளியலறையில் ரிசார்ட்டின் வெள்ளைத் துண்டுகள் மஞ்சள் மஞ்சளாகக் கிடந்தன. ஐஸ் பக்கெட்டின் அடியில் மஞ்சள் தூள் படிந்திருந்தது. கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்தவளுக்கு இதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம். என் பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்பதை எனக்கு ஒரு துண்டு சொல்லியது.

அதற்கு முன்னால் மத்தியானம். பாலைவனத்தில் புழுதி ரோட்டில், ஆளைவிட உயரமான கள்ளிகளுக்கு நடுவே வேனில் குலுங்கிக் குலுங்கிப் போய், பவளப்பாறை இருக்கும் இடத்துக்குப் படகு ஏறினோம். அந்தப் பாறையைப் பார்க்க ஆசைப்பட்டது மானஸா. பொங்கலில் இருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீடியோ காலில் மீன் பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நீச்சல் டீமில் இருக்கிறவள். படகு நின்றதும், "ஐ டோன்ட் ஃபீல் லைக் இட்" என்று துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்திலேயே இருந்தீர்கள். "உனக்கோசரந்தான இத்தன தூரம் வந்தோம்? இந்த லீவுக்கு அம்மா எத்தன பேருகிட்டக் கெஞ்சுனேன் தெரியுமா? இப்படிப் புடிவாதம் புடிச்சீன்னா இனி உன்னைய எங்கியும் கூட்டிட்டுப் போக மாட்டேன்" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "யூ கோ, அம்மா" என்றாள். அதையும் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். நீச்சல் தெரியாதவள், லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டு வீம்புக்குத் தண்ணீரில் இறங்கினேன்.

வயதுக்கு வந்த அன்று என் மகளை நான் அத்தனை பேர் முன்னால் திட்டினேன். நீங்கள் எல்லாம் தெரிந்துகொண்டு கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். என் காதில் ஒரு வார்த்தை போட்டிருந்தால் போதும்.

நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. தீபக்குக்கு வேலை போனபோது மூன்று பேர் விசாவும் என் வேலையில் தொங்கியது. கம்பெனி பார்சிப்பனிக்கு வா என்றது, வந்தேன். அவருக்கு மறுபடி சான் ஹோசேயில் வேலை கிடைத்த பிறகும் கிரீன் கார்டு என் கம்பெனி வழியாகத்தான் வர வேண்டும் என்பதால் அப்படியே இருக்கிறேன். மானஸா பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டதை, நீச்சல் போட்டியில் ஜெயித்ததை, காய்ச்சலில் படுத்ததை எல்லாம் போனில்தான் பார்த்தேன். இது ஒன்றுதான் நான் கூட இருந்தபோது நடந்தது. அடுத்த அறையில் இருந்தேன் அக்கா. அதையும் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

மே ஐந்தாம் தேதி முதல் மானஸா ஸ்கூல் விட்டதும் வேனில் ஆஃப்டர் ஸ்கூல் காப்பகத்துக்குப் போவாள். கூட்டிப்போகிறவர்கள் பட்டியலில் இருந்து உங்கள் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். இதுவரை செய்ததற்கெல்லாம் நன்றி.

வான்மதி


டப்ளின்
9 மே 2025

வான்மதி,

திட்டி எழுதினாலும் சரி என்று எழுதிக்கொடுத்தது நான்தான். அதனால் வாங்கிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை பழக்கதோஷத்தில் கார் தானாக ஸ்கூலுக்குப் போய்விட்டது. ஆபீசில் இருக்கும் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "ஸாரி, யுவர் நேம் இஸ் நாட் ஹியர்" என்றாள். போன வாரம் வரை என் பேரக் குழந்தையா என்று சிரித்துக்கொண்டே கேட்டவள். கையில் மானஸாவுக்கான டப்பா, அதில் பிடி கொழுக்கட்டை. வேன் ஜன்னலில் இருந்து அவள் கை காட்டினாள். நானும் காட்டினேன். கொழுக்கட்டையைச் சாயங்காலம் நானும் அவருமாகச் சாப்பிட்டோம்.

நான் எடுத்துக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறாய். வான்மதி, நீ கையில் கொடுத்துவிட்டுப் போனதை நான் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அவளுக்குத் தலை பின்னியது, பேன் பார்த்தது, சண்டை போட்டுக் கணக்கு உட்கார வைத்தது எல்லாம் எடுத்துக்கொள்வதில் சேர்த்தி என்றால், அடுத்த முறை யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகாதே.

எங்கள் மாம்பலம் வீட்டில் பெற்றவள் முதலில் பார்க்கக் கூடாது என்பார்கள். என் முறை வந்தபோது அம்மாவைச் சமையலறைக்குள் அனுப்பிவிட்டு மாமிதான் எனக்குத் தண்ணீர் ஊற்றினாள். உங்கள் பக்கத்திலும் அத்தைதானே ஊற்றுவாள்? உன் நாத்தனார் ஈரோட்டில் இருக்கிறாள். மெக்சிகோவில் அத்தைக்கு நான் எங்கே போவேன்? காலையில் எழுந்ததும் ஐஸ் பக்கெட்டும், புளிசாதத்துக்குக் கொண்டுவந்த மஞ்சள் தூளும்தான் கண்ணில் பட்டன. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். அவள் ஏன் என் அறையில் இருந்தாள்? "நீங்க ரெண்டு பேரும் மாசக்கணக்கா பிரிஞ்சு இருக்கீங்க, கொஞ்சம் பேசிக்கோங்க, கொழந்த என்கூடப் படுத்துக்கட்டும்" என்று நான் சொன்னபோது உன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை. உன் அறையில் தூங்கியிருந்தால் உன்னைத்தான் எழுப்பியிருப்பாள்.

இனி எழுதித் தொந்தரவு பண்ண மாட்டேன். மூன்று மணிக்கு மேல் எனக்கு இப்போது ஒரு வேலையும் இல்லை. அது பழகிவிடும்.

கலாவதி


பார்சிப்பனி
18 மே 2025

அக்கா,

உங்கள் கடிதத்தை முதல் தடவை கோபமாகப் படித்தேன். இரண்டாம் தடவை அலுப்பாகப் படித்தேன். இந்த வாரம் ஆபீசில் ஆடிட். கோபப்படுவதற்குக்கூட உடம்பில் தெம்பு வேண்டும் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றாமலே சோஃபாவில் உட்கார்ந்திருக்கிறேன். பொடியைப் பிரித்துவிட்டேன். சாதத்தில் நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன். நன்றாக இருந்தது, அது வேறு எரிச்சலாக இருந்தது.

நீங்கள் சொல்வது சரி. எங்கள் பக்கம் அத்தைதான் ஊற்றுவாள். ஆனால் அம்மாவிடம் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அம்மா கதவுக்கு வெளியே நிற்பாள். வெளியே நிற்கிறாள் என்று உள்ளே இருக்கிறவளுக்குத் தெரியும். நான் கதவுக்கு வெளியேகூட நிற்கவில்லை. கடற்கரையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்கு அப்புறம் நிம்மதியாக ஒரு காபி குடித்தேன். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

அறை விஷயமும் சரி. சந்தோஷப்பட்டேன்.

மானஸாவிடம் போனில் கேட்டால், "இட்ஸ் ஃபைன், அம்மா" என்கிறாள். மேலே கேட்டால் ஹோம்வொர்க் வந்துவிடுகிறது. அன்று காலை அவள் உங்களை எப்படி எழுப்பினாள்? என்ன சொன்னாள்? பயந்தாளா, அழுதாளா? எனக்கு அது வேண்டும். அழகுபடுத்தாமல், நடந்தது நடந்தபடி எழுதுங்கள். உங்களிடம் வேறு எதையும் கேட்கவில்லை.

வான்மதி


டப்ளின்
30 மே 2025

அன்புள்ள வான்மதி,

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவளைப் பார்க்காமல் எழுத எனக்கு மனசு வரவில்லை. நேற்று உங்கள் வீட்டு வாசலில் சைக்கிளோடு நின்றிருந்தாள். "அம்மா எல்லாத்தையும் கேக்கறா, எழுதட்டுமா?" என்றேன். பெடலைப் பின்னால் சுற்றிக்கொண்டே யோசித்துவிட்டு, "ஓகே. பட் நாட் தி சிக்கன் பார்ட்" என்றாள். அதையும் சேர்த்துத்தான் எழுதப்போகிறேன். நீ காட்டிக்கொடுக்காதே.

அன்று விடியும்போது என் கால் கட்டைவிரலைப் பிடித்து ஆட்டினாள். ஆர்யன் சின்ன வயதில் அப்படித்தான் எழுப்புவான், அதனால் ஒரு நிமிஷம் எனக்கு எங்கே இருக்கிறேன் என்று புரியவில்லை. வீட்டுக்காரர் ஹாலில் சோஃபாவில் குறட்டை. அவள் குளியலறை வாசலில் நின்றுகொண்டு, "கலா ஆன்ட்டி, ஐ திங்க் இட் ஹேப்பண்ட்" என்றாள். பயம் இல்லை. ஸ்கூலில் எல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அழவும் இல்லை. முகம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. கட்டிக்கொண்டேன். உடனே, "இரு, அம்மாவக் கூட்டிண்டு வரேன்" என்று கதவுப் பக்கம் போனேன். இது சத்தியம். மாம்பலம் வழக்கமெல்லாம் எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

என் நைட்டியைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். "நோ ஆன்ட்டி, ப்ளீஸ். டோன்ட் டெல் அம்மா" என்றாள். ஏன் என்று கேட்டேன். அவள் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். அம்மாவிடம் சொன்னால், அம்மா இன்றைக்கு என்னோடு படகிலேயே உட்கார்ந்துவிடுவாள். தண்ணீரில் இறங்க மாட்டாள். அம்மா எங்கேயுமே போனதில்லை, அம்மா அந்த மீனைப் பார்க்கணும், நான் இன்னொரு தடவை பார்த்துக்கொள்வேன். இதுதான் சொன்னாள்.

பன்னிரண்டு வயசு வான்மதி. நான் என்ன செய்ய?

சரி என்றேன். பிறகு என் மனசு கேட்காமல் மஞ்சளைக் கரைத்தேன். தலையில் ஊற்றியபோது, "ஆன்ட்டி, ஆர் யூ மாரினேட்டிங் மீ லைக் எ சிக்கன்?" என்று சிரித்தாள். சைவக்காரியிடம் கேட்கிற கேள்வியா? இரண்டு பேரும் சிரித்ததில் துண்டெல்லாம் மஞ்சளானது.

படகில் நீ திட்டியபோது வாயைத் திறக்கப் போனேன். துண்டுக்கு அடியில் என் கையைப் பிடித்து நசுக்கினாள். நீ தண்ணீருக்குள் முகத்தை வைத்த பிறகுதான் விட்டாள். நீ திரும்பி வரும்வரை உன் வாயில் மாட்டியிருந்த மூச்சுக் குழாயின் ஆரஞ்சு நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஷீ இஸ் டூயிங் இட்" என்றாள். என் கையில் அவள் நகம் பட்ட தடம் ஊருக்கு வரும்வரை இருந்தது.

பொய் சொல்லக் கூடாது. அந்த ஒரு பகல் அவள் ரகசியம் என்னிடம் மட்டும் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. ஆர்யன் போனில் என்னோடு பேசுவது இரண்டு வார்த்தை. அம்மா, பணம். அதனால் நீ கேட்ட கேள்வியில் கொஞ்சம் நியாயம் இருந்தது.

இன்னொரு சேதி. வீட்டுக்காரரின் ஆபீஸ் டெக்சாஸுக்குப் போகிறது. ஜூலை கடைசியில் நாங்கள் ஃபிரிஸ்கோவுக்கு மாறுகிறோம். ரிசார்ட்டுக்குக் கிளம்பும்போதே தெரியும். மானஸாவோடு ஒரு தடவையாவது எங்கேயாவது போய்வர வேண்டும் என்றுதான் வெட்கமில்லாமல் ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பட்டியலில் இருந்து என் பெயரை நீ எடுக்காவிட்டாலும் அது தானாகப் போயிருக்கும்.

உன்,
கலாவதி அக்கா


பார்சிப்பனி
14 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள் படித்தேன். அன்று மீட்டிங்குக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

தண்ணீருக்கு அடியில் நான் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. கோபமாக இருந்ததால் அவளிடமும் சொல்லவில்லை. முகத்தை உள்ளே வைத்ததும் முதலில் என் மூச்சுதான் பெரிதாகக் கேட்டது. அப்புறம் பாறை தெரிந்தது. காலிஃபிளவர் மாதிரி, மங்கிய பழுப்பில். இதற்குத்தானா என்று நினைத்தேன். அதற்குள் மீன் வந்தது. வெள்ளி நிறம். ஒன்று இரண்டு இல்லை, கூட்டம். என்னைச் சுற்றிச் சுவர் எழுப்பினது மாதிரி நின்று அப்படியே திரும்பியது. எனக்குப் பயமே இல்லை. லீவு, விசா, மானேஜர், எல்லாம் மறந்துபோனது. மேலே வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தேன். அவளைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீனின் கண் எவ்வளவு பெரிது, வால் பிளந்திருந்ததா, எத்தனை தூரத்தில் வந்தது என்று துருவித் துருவிக் கேட்டாள். கடைசியில், "தட்ஸ் ஜாக்ஸ், அம்மா. யூ காட் தி ஜாக்ஸ்" என்றாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் சொல்லும் மீன் பெயர்களில் அதுதான் முதல். அவளுக்கு என்னைவிட அதிகச் சந்தோஷம். நான் படகில் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "இட்ஸ் ஃபைன்" என்றாள். இந்தத் தடவை ஹோம்வொர்க் வரவில்லை.

வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று எழுத ஆசைதான். முடியாது அக்கா. கணக்குப் போட்டுப் பார்த்துப் பார்த்து எனக்கும் தீபக்குக்கும் அலுத்துவிட்டது. அதனால் ஆகஸ்டில் மானஸாவை இங்கே கூட்டிக்கொள்கிறேன். எட்டாம் வகுப்பு இங்கேதான். தீபக் இந்தப் பக்கம் வேலை தேடுகிறார், கிடைக்கும்வரை மாதம் ஒரு முறை வருவார். மானஸாவுக்குத் துளியும் பிடிக்கவில்லை. நீச்சல் டீம், சிநேகிதிகள், நீங்கள், எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். நான் கெட்டவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன், பக்கத்தில் இருந்து கெட்டவளாக இருக்கிறேன்.

ஜூலை நாலாம் தேதி லீவுக்கு டப்ளின் வருகிறேன். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மண்டபம், சீர், புடவை, போட்டோ எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். ஆனால் நீங்கள் ஃபிரிஸ்கோ போவதற்கு முன் அவளுக்கு இன்னொரு தடவை தண்ணீர் ஊற்றுங்கள். எங்கள் வீட்டிலேயே. அத்தை முறைக்கு நீங்கள். நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன்.

துண்டு நான் வாங்கிவருகிறேன்.

வான்மதி


ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள வான்மதி,

இங்கே வெயில் ஆளைச் சுருட்டுகிறது. பெட்டிகள் பாதி பிரிக்காமல் கிடக்கின்றன. கிடைத்ததை வைத்துச் சமைக்கிறேன். ஆர்யன் ஒரு தடவை வந்து சாப்பிட்டுவிட்டு, "குட், மா" என்றான். ஒரு வார்த்தை கூடியிருக்கிறது, பார்க்கலாம்.

இந்நேரம் மானஸா உன்னிடம் வந்து சேர்ந்திருப்பாள். உனக்குத் தெரியாதது என்று நினைத்து எழுதவில்லை, தெரிந்திருந்தால் விட்டுவிடு. பசிக்கவில்லை என்று சொன்னால் நம்பாதே. தட்டில் போட்டு வைத்துவிட்டு வேறு பக்கம் போய்விடு, காலியாகிவிடும். பரீட்சைக்கு முந்தின நாள் தலை பின்னிக்கொண்டே பேச்சுக் கொடு, முகத்தைப் பார்த்தால் சொல்ல மாட்டாள். பின்னால் இருந்தால் எல்லாம் சொல்லுவாள்.

ஜூலையில் நடந்ததைப் பற்றி உன்னிடம் சொல்ல நேரமே இல்லை. முதல் சொம்பு ஊற்றியதும் அவள் என்னிடம் மெதுவாக, "இஸ் அம்மா ஸ்டில் தேர்?" என்று கேட்டாள். கதவுக்கு வெளியே உன் கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது. அதைக் காட்டி, "அங்கதான் இருக்கா" என்றேன். அப்புறம்தான் கண்ணை மூடிக்கொண்டாள். நீ வளையல் போடுகிற ஆள் இல்லையே, அன்றைக்கு ஏன் போட்டாய் என்று எனக்குத் தெரியும்.

எனக்கு அவள் ஞாபகம் அதிகமாக வருகிறது. வராமல் இருந்தால்தான் அதிசயம். போன் பண்ணச் சொல்லி அவளைக் கட்டாயப்படுத்தாதே.

அன்புடன்,
கலாவதி அக்கா


பார்சிப்பனி
21 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

ஸ்கூல் திறந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. நான் ஆறு மணிக்கு மேல்தான் வருகிறேன். அவள் அதற்குள் பொடிச்சாதம் பிசைந்து சாப்பிட்டிருப்பாள். உங்கள் பொடி தீரப்போகிறது. இங்கே கடையில் வாங்கிக் கொடுத்ததை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிட்டாள்.

நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். முதல் வாரம் கதவைச் சாத்திக்கொண்டே இருந்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வீட்டில் இருக்கத் தெரியவில்லை. போனில் ஒரு மணி நேரம் பேசுவோம், இப்போது சாப்பாட்டு மேஜையில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஓடவில்லை. அப்புறம் நீங்கள் சொன்னபடி தலை பின்ன உட்கார வைத்தேன். நான் பின்னுவது கோணல் என்றாள். ஆனால் எழுந்து போகவில்லை. யாரோ ஒரு அதிதி மதியச் சாப்பாட்டில் பக்கத்தில் உட்காருகிறாளாம். இங்கே நீச்சல் டீமில் இடம் இருக்கிறதா என்று அவளே கேட்டுவைத்திருக்கிறாள்.

நேற்று ஒன்று நடந்தது. உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும். நான் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். குளியலறைக்குள் இருந்து, "கலா ஆன்ட்டி, டவல்" என்று கத்தினாள். கத்தியதும் உள்ளே தண்ணீர் நின்றுவிட்டது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்பது எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கமே தெரிந்தது.

எனக்கு வலிக்கவில்லை என்று பொய் எழுத மாட்டேன். வலித்தது. ஏப்ரல் மாதமாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ. கையைத் துடைத்துக்கொண்டு, ஜூலையில் வாங்கிய வெள்ளைத் துண்டை எடுத்தேன். ஓரத்தில் இன்னும் மஞ்சள் கறை இருக்கிறது. கதவுக்கு வெளியே போய் நின்றேன்.

"இந்தா கண்ணு" என்றேன்.

கதவு லேசாகத் திறந்தது. கை மட்டும் வெளியே வந்து துண்டை வாங்கிக்கொண்டது.

வான்மதி